மானி சொன்ன ஈரமும் தராசு சொன்ன ஈரமும்
(ஜெல் கலந்த மண்ணில் ஈரம் அளப்பது பற்றி ஒரு பாடம்)



"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் புராஜெக்ட் குழுவுக்கு இந்த வருடம் புரிந்தது: டிஸ்ப்ளேயில் தெரியும் எண்ணும் பொய்யாக இருக்கலாம்!

நம்மில் பாதிப் பேர் இறுதி ஆண்டில் "தானியங்கி நீர்ப்பாசனம்" என்று ஒரு புராஜெக்ட் செய்கிறோம். ஒரு ஈரமானி, ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு ரிலே, ஒரு சின்ன பம்பு. மண் காய்ந்தால் பம்பு ஓடும், நனைந்தால் நிற்கும். லேபில் ஒரு தொட்டியில் காட்டினால் எல்லோரும் கை தட்டுவார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். கொஞ்சம் புதுமையாக இருக்கட்டுமே என்று மண்ணில் நீர்தாங்கி ஜெல்லையும் கலந்தோம். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. அடுத்து வரும் தம்பி தங்கைகள் அதே குழியில் விழக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

என் சித்தப்பா ஒரு சிறிய நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். நிழல்வலைக்குள் பப்பாளி, முருங்கை, மிளகாய் நாற்றுகள். எங்கள் புராஜெக்டுக்காக 60 பப்பாளி நாற்றுப் பைகளைத் தனியாக ஒதுக்கிக் கொடுத்தார். தென்னை நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம் கலந்த கலவை. அதில் ஜெல் தூளைத் தூவிக் கிளறினோம். ஒரு பையில் முள்கரண்டி மாதிரி இரண்டு கால் உள்ள சென்சாரைக் குத்தினோம். அந்த ஒரு பையின் ரீடிங்கை வைத்து 60 பைக்கும் சொட்டு நீர்.

ஏப்ரல் மாதம். நான்கு நாள் தொடர் விடுமுறை. சித்தப்பாவும், "மிஷின்தான் இருக்கே" என்று நம்பி வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் நாற்றெல்லாம் தலை சாய்ந்து கிடக்கிறது. டிஸ்ப்ளேயில் மட்டும் "ஈரம் போதுமானது" என்று பச்சை விளக்கு! பம்பு அந்த நான்கு நாளும் ஓடவே இல்லை. 60-ல் 37 நாற்று பிழைக்கவில்லை. அவற்றை ஒரு விவசாயிக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

நான் போய் நின்றதும் சித்தப்பா கேட்டது இதுதான்: "ஏம்ப்பா, உன் மிஷின் ஈரம்ங்குது, செடி தாகம்ங்குது. நான் யாரை நம்பறது?"

பதில் தெரியவில்லை. நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து பணம் போட்டுக் கொடுக்கப் போனோம். வாங்கவில்லை. "பணம் வேண்டாம். தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. அது தெரியாம அந்த மிஷினை மறுபடி என் பண்ணைக்குள்ள கொண்டாராதே" என்றார். பிறகு ஒரு பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது காஞ்சு போச்சுன்னு தூக்கினாலே தெரியுதே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பாடத்தின் சாரம். எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஜெல் என்பது என்ன?

இது பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சும் ஒரு பாலிமர். நீளமான சங்கிலி மூலக்கூறுகள், அவற்றுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள். சங்கிலியில் எதிர்மின் ஏற்றம் உள்ள தொகுதிகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு ஈடாக பொட்டாசியம் அல்லது சோடியம் அயனிகள் இருக்கும். நீர் பட்டதும் அயனிகள் கரைந்து பிரிய, சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ள, சவ்வூடு பரவலால் நீர் உள்ளே பாயும். குறுக்குப் பிணைப்பு இருப்பதால் கரைந்து போகாது. ஊதிக்கொண்டே போய் ஓர் அளவில் நிற்கும்.

1970-களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகத்தில், ஸ்டார்ச்சை அடிப்படையாகக் கொண்டு இந்த வகைப் பொருளை உருவாக்கினார்கள். "சூப்பர் ஸ்லர்ப்பர்" என்று அதற்குப் பெயர். நம் நாட்டில் புது தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு "பூசா ஹைட்ரோஜெல்" என்பதை உருவாக்கியிருக்கிறது. குழந்தைகளின் டயபரில் இருப்பதும் இதே குடும்பம்தான். ஆனால் டயபரைப் பிரித்து அந்தத் தூளைச் செடிக்குப் போடாதீர்கள். அது சோடியம் வகை. சோடியம் மண்ணுக்கும் ஆகாது, வேருக்கும் ஆகாது. செடிக்கென்று விற்பது பெரும்பாலும் பொட்டாசியம் வகை.

விளம்பரத்தில் "தன் எடையைப் போல் 300 மடங்கு, 400 மடங்கு நீர் உறிஞ்சும்" என்று போட்டிருக்கும். பொய் இல்லை; ஆனால் அது காய்ச்சி வடித்த நீரில். தண்ணீரில் உப்பு இருந்தால் சவ்வூடு அழுத்த வித்தியாசம் குறையும், ஊதுவதும் குறையும். கால்சியம், மெக்னீசியம் இருந்தால் இன்னும் மோசம். அவை இரட்டை ஏற்றம் உள்ளவை. இரண்டு சங்கிலிகளை ஒன்றாகக் கட்டிப் போட்டுவிடும். நம் ஊர் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று குளியலறைக் குழாயில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே தெரியும். அதற்கு மேல் கரைத்து ஊற்றும் உரம் வேறு. போதாக்குறைக்கு மண்ணின் பாரமும் ஜெல்லை அமுக்கும். ஆகவே பாக்கெட்டில் உள்ள எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் கணக்கு உதைக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு கிராம் ஜெல்லை மெல்லிய நைலான் துணியில் மூட்டையாகத் தளர்வாகக் கட்டி, காய்ச்சி வடித்த நீரில் ஒன்று, போர் தண்ணீரில் ஒன்று, நீங்கள் ஊற்றும் உரக் கரைசலில் ஒன்று என்று ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் எடுத்துத் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றதும் எடை பாருங்கள். அதே மாதிரி துணி மட்டும் உள்ள ஈர மூட்டையின் எடையைக் கழித்துவிடுங்கள். மூன்று எண்ணும் மூன்று விதமாக இருக்கும். உங்கள் கலவைக்கு உரிய எண் மூன்றாவதுதான்.

ஈரம் என்றால் எந்த ஈரம்?

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். ஈரம் என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று: எவ்வளவு நீர் இருக்கிறது? இது அளவு. கிராமில் சொல்லலாம்.

இரண்டு: அந்த நீரை எடுக்கச் செடி எவ்வளவு பலமாக இழுக்க வேண்டும்? இது இழுவிசை. கிலோ பாஸ்கலில் சொல்லலாம்.

பேங்கில் பணம் இருக்கிறது என்பதும், அது நம் கைக்கு வரும் என்பதும் வேறு வேறு அல்லவா? அது மாதிரி. வயல் மண்ணுக்குப் பாடப் புத்தகத்தில் வயல் கொள்ளளவு 33 கிலோ பாஸ்கல், வாடல் நிலை 1500 கிலோ பாஸ்கல் என்று படித்திருப்போம். தொட்டிக் கலவைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே துளைகள் பெரியவை. பெரும்பகுதி நீர் மிகக் குறைந்த இழுவிசையிலேயே வெளியேறிவிடும். பெல்ஜியத்தைச் சேர்ந்த டி பூட், வெர்டாங்க் இருவரும் 1972-ல் தொட்டிக் கலவைகளுக்கென்றே ஓர் அளவுகோல் தந்தார்கள். 10 செ.மீ. முதல் 50 செ.மீ. வரை நீர்த்தூண் உயர இழுவிசைக்குள் வெளிவருவது "எளிதில் கிடைக்கும் நீர்". 50 முதல் 100 செ.மீ. வரை வெளிவருவது "கையிருப்பு நீர்". 100 செ.மீ. நீர்த்தூண் என்பது சுமார் 10 கிலோ பாஸ்கல்தான். தொட்டிச் செடியின் வாழ்க்கையெல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது.

ஜெல் கலந்தால் முதல் கேள்விக்கு விடை கூடும். ஆனால் கூடிய நீர் முழுவதும் செடிக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. ஒரு பகுதி ஜெல்லுக்குள்ளேயே தங்கிவிடும். ஜெல் கட்டி ஒரு மூலையிலும் வேர் வேறு மூலையிலும் இருந்தால், ஊர்க் கிணற்றில் நீர் இருந்தும் வீட்டுக் குடம் காலி என்கிற கதைதான்.

தாய் முறை: தராசும் அடுப்பும்

எல்லா ஈரமானிக்கும் தாய் இந்த முறைதான். சிவில் துறை நண்பர்களுக்கு நன்றாகத் தெரியும்: இந்தியத் தரம் 2720, பகுதி 2. ஈர மாதிரியை எடை போடு, 105 முதல் 110 டிகிரி செல்சியஸில் உலர்த்து, மறுபடி எடை போடு. கரிமப் பொருள் அதிகம் உள்ள மண்ணுக்கு அதே தரம் 60 முதல் 80 டிகிரி போதும் என்கிறது. நார்க்கழிவுக் கலவைக்கு இந்தக் குறைந்த வெப்பநிலையும் கூடுதல் நேரமும் நல்லது. எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே கடைப்பிடியுங்கள்.

ஒரு கணக்கு. காலி டப்பா 32 கிராம். ஈர மாதிரியுடன் 92 கிராம். உலர்ந்த பின் 62 கிராம்.

நீர் = 92 - 62 = 30 கிராம்.
உலர் கலவை = 62 - 32 = 30 கிராம்.
எடை ஈரம் = 30 / 30 = 100 சதவீதம்.

"நூறு சதவீதமா? தப்பா இருக்குமோ?" என்று பயப்பட வேண்டாம். நார்க்கழிவு மிக லேசான பொருள். தனி நார்க்கழிவில் 500 சதவீதம்கூட வரும். அதனால்தான் எடை ஈரத்தைப் பரும ஈரமாக மாற்றுகிறோம். பரும ஈரம் = எடை ஈரம் × பரும அடர்த்தி. நம் கலவையின் பரும அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.5 கிராம் என்றால், பரும ஈரம் 50 சதவீதம். பரும அடர்த்தி 0.1 உள்ள தனி நார்க்கழிவில் எடை ஈரம் 500 சதவீதம் என்றாலும் பரும ஈரம் அதே 50 சதவீதம்தான்.

ஜெல் இருந்தால் இந்த முறையிலேயே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, உலர்த்துதல். ஜெல் உருண்டையின் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகும். உள்ளே நீர் மாட்டிக்கொள்ளும். "24 மணி நேரம் ஆச்சு, எடுத்துடு" என்பது செல்லாது. மாதிரியை மெல்லிசாகப் பரப்புங்கள். சில மணிக்கு ஒரு தரம் எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும் வரை விடாதீர்கள். எடை போடும் முன் டெசிக்கேட்டரில் ஆறவிடுங்கள். காய்ந்த ஜெல் காற்றில் உள்ள ஈரத்தையே குடிக்கும்.

இரண்டாவது, பருமன். ஜெல் ஊதும்போது கலவை மேலே எழும்பும். 1000 கிராம் உலர் கலவை 2 லிட்டர் இடத்தில் இருந்தது, 2.2 லிட்டர் ஆகிவிட்டது என்று வையுங்கள். பரும அடர்த்தி 0.5-லிருந்து சுமார் 0.455 ஆகிவிடும். அதே 1000 கிராம் நீர், முதலில் 50 சதவீதம், இப்போது 45.5 சதவீதம். ஒரு சொட்டு நீர்கூடப் போகவில்லை, சதவீதம் மட்டும் இறங்கிவிட்டது! ஆகவே ஜெல் கலந்த தொட்டிக்குச் சதவீதத்தைவிட "தொட்டிக்கு எத்தனை கிராம் நீர்" என்று சொல்வதே குழப்பம் இல்லாதது.

மானிகள்: ஒவ்வொன்றும் எதை அளக்கிறது?

எந்த மானியும் நீரை நேரடியாக அளப்பதில்லை. நீரோடு சேர்ந்து மாறும் வேறொன்றை அளந்து, அதிலிருந்து ஈரத்தை ஊகிக்கிறது. ஜெல் கலந்தால் அந்த ஊகம் எங்கே உதைக்கிறது என்பதுதான் கேள்வி.

1. இரண்டு கால் சென்சார். விலை மலிவு, கடையில் உடனே கிடைக்கும். அளப்பது மின்தடையை. தடையை இறக்குவது நீர் மட்டும் அல்ல, நீரில் கரைந்த உப்பும்தான். லேபில் ஒரு சோதனை செய்யுங்கள். காய்ச்சி வடித்த நீரில் அந்தச் சென்சாரை முக்கினால், முழுக்க நீரில் இருந்தும் ஈரத்தைக் குறைத்துத்தான் காட்டும். ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள், ரீடிங் எகிறும். நீர் கூடவில்லை, உப்பு கூடியது. ஜெல்லிலேயே பொட்டாசியம் அயனி இருக்கிறது, உரத்திலும் உப்பு இருக்கிறது. போதாதற்கு, எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் மின்னாற்பகுப்பால் கால்கள் அரித்துப் போகும்.

2. ஜிப்சம் கட்டி. 1940-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பூயூகாஸ், மிக் இருவரும் வெளியிட்ட முறை. ஜிப்சம் கட்டிக்குள் இரண்டு மின்முனைகள். ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால் கட்டிக்குள் உப்பு அளவு ஓரளவு நிலையாக இருக்கும். அதுதான் இதன் சூட்சுமம். ஆனால் நல்ல ஈர நிலையில் இதற்கு உணர்திறன் குறைவு. தொட்டிக் கலவை இருப்பதே அந்த நிலையில்தான். தவிர, ஜிப்சம் என்றால் கால்சியம் சல்பேட். கால்சியம் ஜெல்லைச் சுருக்கும் என்று மேலே பார்த்தோம். அளக்கப் போகிற இடத்தையே மாற்றக்கூடிய கருவி நமக்கு வேண்டாம்.

3. மின்தேக்குச் சென்சார். அளப்பது டை-எலெக்ட்ரிக் மாறிலியை. நீருக்கு அது சுமார் 80, காற்றுக்கு 1, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5. இந்தப் பெரிய வித்தியாசம்தான் அடிப்படை. ஜெல்லுக்குள் இருப்பதும் நீர்தான் என்பதால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் இது பார்ப்பது பட்டையை ஒட்டிய சிறிய இடத்தை மட்டும். ஜெல் உருண்டை ஒன்று பட்டையில் ஒட்டியிருந்தால் "நிறைய ஈரம்". அதே உருண்டை சுருங்கிக் காற்று இடைவெளி விட்டால் "வறட்சி". மலிவு வகைகளில் உப்பின் பாதிப்பும் இருக்கும். இன்னொன்று: இந்த வகையில் பலவற்றில் ஈரம் கூடினால் எண் குறையும். புரோகிராம் எழுதும்போது திசையைத் தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள்!

4. டி.டி.ஆர். கருவி. மின்காந்தத் துடிப்பு கம்பிகள் வழியே போய்த் திரும்பும் நேரத்தை அளந்து அதே மாறிலியைக் கண்டுபிடிக்கிறது. 1980-ல் கனடாவின் டாப், டேவிஸ், அன்னான் மூவரும் கனிம மண்களுக்குப் பொதுவான ஒரு சமன்பாடு தந்தார்கள். கரிம மண் அந்தக் கோட்டில் சரியாக உட்காராது; அதற்குத் தனி அளவுத்திருத்தம் வேண்டும். கருவி நல்லது, விலை நமக்கு எட்டாது.

5. டென்சியோமீட்டர். நுண்துளைப் பீங்கான் முனை, நீர் நிரப்பிய குழாய், ஒரு வெற்றிட மானி. மற்றவற்றில் பெரும்பாலானவை முதல் கேள்விக்குப் பதில் தேட, இது இரண்டாவது கேள்விக்குப் பதில் தருகிறது: செடி எவ்வளவு இழுக்க வேண்டும்? சுமார் 80 கிலோ பாஸ்கல் வரைதான் வேலை செய்யும். தொட்டிக்கு அது தாராளம். உப்பு இதை ஏமாற்றாது. குறை என்னவென்றால், பீங்கான் முனை கலவையை நன்றாகத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஜெல் ஊதிச் சுருங்கும்போது தொடர்பு விட்டுப் போகும். அப்போது மானியின் முள் அசையாமல் நிற்கும், செடியோ வாடிக்கொண்டிருக்கும்.

எங்கள் பையில் நடந்தது

இப்போது விடை உங்களுக்கே தெரிந்திருக்கும். சென்சார் இருந்த பையைக் கிழித்துப் பார்த்தோம். தூளைச் சரியாகக் கலக்காததால் ஓர் ஓரத்தில் கட்டியாக ஊதி நின்றிருந்தது. எங்கள் சென்சாரின் இரண்டு காலும் சரியாக அந்தக் கட்டிக்குள்! உரக் கரைசலை உறிஞ்சிய, அயனி நிறைந்த கொழகொழப்பு. மின்தடை ஏன் ஏறும்? கட்டியைச் சுற்றி இருந்த நார்க்கழிவு கையில் எடுத்தால் பொடிப் பொடியாக உதிர்ந்தது. வேர் நடுவில், கட்டி ஓரத்தில். அந்தச் செடியும் சாய்ந்துதான் கிடந்தது.

சென்சார் கெட்டுப் போகவில்லை. அது அளந்ததைச் சரியாகத்தான் அளந்தது. அது அளந்தது ஜெல் கட்டியின் மின்தடையை. நாங்கள் படித்ததோ 60 செடிகளின் தாகம் என்று. தப்பு எங்களுடையது.

சரியான வழி: சொந்தக் கலவையில் அளவுத்திருத்தம்

கையேட்டில் உள்ள கோடு வேறு யாருடைய மண்ணுக்கோ போட்டது. காற்றில் வைத்தால் பூஜ்யம், நீரில் வைத்தால் நூறு என்று இரண்டு புள்ளியில் முடித்துவிடுவதும் போதாது. கீழே உள்ள முறைக்குத் தேவை ஒரு தராசும் ஒரு வாரப் பொறுமையும் மட்டும்.

முதலில் ஜெல்லை நன்றாகக் கலக்க வேண்டும். காய்ந்த தூளைக் காய்ந்த மணலோடு சேர்த்து, பிறகு கலவையில் சேர்த்தால் கட்டி பிடிக்காது. ஜெல் உள்ள தொட்டி மூன்று, ஜெல் இல்லாத தொட்டி மூன்று தயார் செய்யுங்கள். காலித் தொட்டி எடை, உலர் கலவை எடை இரண்டையும் குறித்து வையுங்கள்.

பிறகு நீங்கள் வழக்கமாக ஊற்றும் அதே தண்ணீரை, அதே உரத்தோடு ஊற்றி ஊறவிடுங்கள். ஜெல் முழுதாக ஊத நேரம் எடுக்கும்; ஒரு நாளாவது விட்டு, மறுபடி ஊற்றி, இரவு முழுக்க வடியவிடுங்கள். காலையில் எடை எடுங்கள். இது "நிறை எடை".

இனி நீர் ஊற்றாமல், தினம் இரண்டு வேளை எடையையும் மானி ரீடிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு தொட்டியில் மூன்று இடத்தில் ரீடிங் எடுத்துச் சராசரி போடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகினால், கலவை சீராக இல்லை என்று அர்த்தம். சாயங்காலம் வாடிய செடி மறுநாள் விடியற்காலையிலும் நிமிரவில்லை என்றால், அப்போதுள்ள எடை "வாடல் எடை".

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். தொட்டி 120 கிராம், உலர் கலவை 1000 கிராம், ஜெல் 4 கிராம்.

ஜெல் இல்லாத தொட்டி: நிறை எடை 2020, அதாவது நீர் 900 கிராம். வாடல் எடை 1420, அதாவது நீர் 300 கிராம். செடிக்குக் கிடைத்தது 600 கிராம்.

ஜெல் உள்ள தொட்டி: நிறை எடை 2174, அதாவது நீர் 1050 கிராம். வாடல் எடை 1474, அதாவது நீர் 350 கிராம். செடிக்குக் கிடைத்தது 700 கிராம்.

பாருங்கள்: ஜெல் பிடித்து வைத்தது 150 கிராம் கூடுதல். ஆனால் செடிக்குச் சேர்ந்தது 100 கிராம்தான். மீதி 50 கிராம் பூட்டிய பெட்டியில் உள்ள பணம். இந்தக் கணக்கை எந்த மானியும் தானாகச் சொல்லாது. தராசும் செடியும் சேர்ந்துதான் சொல்லும்.

கிடைக்கும் நீரில் பாதி செலவானதும் பம்பு ஓட வேண்டும் என்று வைத்தால், 700-ல் பாதி 350. 2174 - 350 = 1824 கிராம். தொட்டி இந்த எடையைத் தொட்டபோது உங்கள் மானி காட்டிய எண் எதுவோ, அதுதான் உங்கள் புரோகிராமில் போட வேண்டிய எண். கடைக்காரர் சொன்ன எண்ணும் அல்ல, சீனியரின் ரிப்போர்ட்டில் இருந்த எண்ணும் அல்ல.

செடி வளர வளர அதன் எடையும் சேரும். அவ்வப்போது ஒரு செடியைப் பிடுங்கி எடை பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். ஜெல்லும் நாளாக ஆக உப்பாலும் வெயிலாலும் வலு குறையும். உரத்தை மாற்றினாலோ, சில மாதம் கழிந்தாலோ இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இப்போது எங்கள் புராஜெக்ட்

இரண்டாவது முறை நாங்கள் செய்தது இது. வரிசையில் ஒரு பையை மட்டும் 5 கிலோ லோட்செல் மீது உட்கார வைத்தோம். அதற்குச் "சாட்சிப் பை" என்று பெயர் வைத்தோம். நான்கு வேறு பைகளில் மின்தேக்குச் சென்சார்கள். சாட்சிப் பையின் எடை சொல்வதும் நான்கு சென்சார்களின் நடு எண் சொல்வதும் ஒத்துப் போனால் பம்பு தன் வேலையைப் பார்க்கும். ஒத்துப் போகாவிட்டால் முடிவு எடுக்காமல் மணி அடிக்கும். மனிதர் வந்து பார்க்க வேண்டும். லோட்செல்லும் கடவுள் இல்லை. வெயிலில் அதன் பூஜ்யம் நகரும். அதனால் தினம் காலையில் எடை தெரிந்த ஒரு கட்டியை வைத்துச் சரிபார்க்கிறோம்.

சித்தப்பா வந்து பார்த்தார். சாட்சிப் பையைத் தூக்கினார், டிஸ்ப்ளேயைப் பார்த்தார், பக்கத்துப் பை இரண்டைத் தூக்கினார். "இப்பத்தான் உன் மிஷின் நான் செய்யறதைச் செய்யுது" என்று சொல்லிவிட்டு, இந்த முறை 20 பை மட்டும் கொடுத்தார். முழு நம்பிக்கை வர இன்னும் நாளாகும். அது நியாயம்தானே!

நண்பர்களே, நாளைக்கு நாம் எந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாலும் ஏதோ ஒரு மானியின் முன்னால்தான் நிற்கப் போகிறோம். "இது உண்மையில் எதை அளக்கிறது? இதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்?" இந்த இரண்டு கேள்வியையும் கேட்காமல் எந்த எண்ணையும் நோட்டில் ஏற்றாதீர்கள். அந்த எண்ணை நம்பி ஊருக்குப் போகிறவர் ஒருவர் இருப்பார்.

நீங்களே விடை காணுங்கள்

1. காலி டப்பா 30 கிராம், ஈர மாதிரியுடன் 90, உலர்ந்தபின் 50. பரும அடர்த்தி 0.25. எடை ஈரம் எவ்வளவு? பரும ஈரம் எவ்வளவு?

2. உரம் ஊற்றிய மறுநிமிடம் இரண்டு கால் சென்சாரின் ரீடிங் எகிறுகிறது. ஈரம் எவ்வளவு கூடியது என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? காரணம் கூறு.

3. டென்சியோமீட்டரின் முள் மூன்று நாளாக அசையவில்லை, செடி வாடுகிறது. முதலில் எதைச் சோதிப்பாய்?

(முதல் கேள்விக்கு விடை: 200 சதவீதம், 50 சதவீதம். மற்ற இரண்டுக்கும் விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது.)

- இறுதி ஆண்டு, மின்னணுவியல் துறை